ஐம்பது பேர் வாழும் ஊராட்சி: ஐஸ்லாந்தின் ஆர்னெஸ்ஹ்ரெப்பூர்

கேள்வி இது: "ஐஸ்லாந்தில் ஐம்பது பேர் அளவிலேயே ஆட்கள் வாழும் ஓர் ஊராட்சி இருப்பதாகப் படித்தேன். இவ்வளவு குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு அங்கே ஊராட்சி எப்படி நடக்கிறது? என்ன செய்து பிழைக்கிறார்கள்? பக்கத்து ஊரோடு ஏன் இன்னும் சேர்த்துவிடவில்லை?"

நீங்கள் படித்தது ஆர்னெஸ்ஹ்ரெப்பூர் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். சில ஆண்டுகளாகவே அங்கே பதிவான மக்கள்தொகை நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஐஸ்லாந்தின் ஊராட்சிகளை மக்கள்தொகைப்படி வரிசைப்படுத்தினால் கடைசி இடம் பெரும்பாலும் இதற்குத்தான். ஆனால் பரப்பளவு ஏறக்குறைய 700 சதுர கிலோமீட்டர். அதனால் இதை ஒரே கிராமம் என்று எண்ண வேண்டாம். ஒன்றிலிருந்து ஒன்று மலைக்கணவாய் தாண்டிப் போகவேண்டிய தூரத்தில் சிதறிக் கிடக்கும் நான்கைந்து குடியிருப்புகளும், அவற்றுக்கிடையே தனித்தனிப் பண்ணைகளும் சேர்ந்ததுதான் இந்த ஊராட்சி.

ஐஸ்லாந்தின் வடமேற்கில் விரித்த கைபோல ஒரு பெரிய தீபகற்பம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கிழக்குக் கரைக்கு ஸ்ட்ராண்டிர் என்று பெயர். தலைநகர் ரேக்யாவிக்கிலிருந்து ஹோல்மாவிக் என்ற சிறு துறைமுக ஊருக்கு ஏறக்குறைய 230 கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கே இன்னும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போனால் சாலை முடியும். அந்தச் சாலையின் எண் 643. பெரும்பகுதி சரளைக்கல் பாதை. ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் ஹூனாஃப்லோய் விரிகுடா. மலைகளுக்கு நடுவே உள்ளே நீண்டு நுழையும் கடலை ஃபியோர்டு என்பார்கள். சாலை ஒவ்வொரு ஃபியோர்டின் உள்முனைவரை போய்த் திரும்பி, மறு கரையோடு வெளியே வந்து, அடுத்த ஃபியோர்டுக்குள் நுழையும். எதிர்க்கரையில் தெரிகிற வீட்டுக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகலாம்.

தெற்கிலிருந்து போனால் முதலில் வருவது ட்யூபாவிக். பிறகு ஃபியோர்டின் வாயில் க்யோகூர். அதைத் தாண்டி ரேக்யானெஸ்ஹிர்னா என்ற மலையைச் சுற்றினால் ட்ரேகில்லிஸ்விக் விரிகுடா. பழைய பண்ணைகளும் தேவாலயங்களும் பள்ளிக்கூடக் கட்டடமும் இருப்பது அங்கேதான். அடுத்து, கடையும் படகுத்துறையும் உள்ள நோர்துர்ஃப்யோர்தூர். அதற்கு வடக்கே, கோடையில் மட்டும் ஓட்டக்கூடிய கரடுமுரடான தடம் இங்கோல்ஃப்ஸ்ஃப்யோர்தூர், ஓஃபெய்க்ஸ்ஃப்யோர்தூர் என இரண்டு ஃபியோர்டுகள் வரை போகும். அதற்கும் அப்பால் வண்டித்தடம் கிடையாது.

பிழைப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தக் கரையில் பயிர் செய்து யாரும் பிழைத்ததில்லை. புல் மட்டும் விளையும், அதுவும் ஆட்டுக்கு. மற்றதையெல்லாம் கடல் கொடுத்தது. அதில் எனக்கு மிகவும் வியப்பானது மரம். ஐஸ்லாந்தில் கட்டடத்துக்கு உதவும் பெரிய மரங்கள் இல்லாமல் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆனால் சைபீரியாவின் பேராறுகளில் வெட்டுமரமாகவும் கரை அரிப்பில் சாய்ந்தும் விழும் மரங்கள் வடதுருவக் கடலுக்குள் போய், மிதக்கும் பனிப்பாளங்களில் சிக்கி, ஆண்டுக்கணக்கில் நகர்ந்து, கடைசியில் ஸ்ட்ராண்டிர் கரையில் ஒதுங்குகின்றன. உப்புநீரில் ஊறியதால் அந்த மரம் எளிதில் உளுத்துப்போகாது. இன்றும் அங்கே கடற்கரை ஓரம் வெளுத்துச் சாம்பல் நிறமாகிப்போன அடிமரங்கள் குவிந்து கிடப்பதைப் பார்க்கலாம். பட்டையெல்லாம் எப்போதோ உரிந்திருக்கும். சிலவற்றின் வேர்க்கட்டை அப்படியே இருக்கும். சிலவற்றின் முனையில் ரம்பம் அறுத்த தடம் தெரியும். வேலிக்கால், கூரை உத்திரம், படகு, தேவாலயம் எல்லாமே இதில்தான். 1850-இல் கட்டிய ஆர்னெஸ் பழைய தேவாலயமும் இந்த ஒதுங்கிய மரத்தால் ஆனதே.

ஒதுங்கியதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள முடியாது. எந்தக் கரைத்துண்டில் ஒதுங்கும் மரமும் திமிங்கிலமும் எந்தப் பண்ணைக்குச் சேரும் என்பதற்கு இடைக்காலத்திலிருந்தே சட்டம் உண்டு. அந்த உரிமை நிலத்தைப் போலவே விற்கப்பட்டது, தானமாகக் கொடுக்கப்பட்டது; தொலைவிலுள்ள தேவாலயங்களும் மடங்களும்கூட இந்தக் கரையில் ஒதுங்குமர உரிமை வைத்திருந்தன. 'சாகா' எனப்படும் பழைய ஐஸ்லாந்துக் கதை ஒன்றில், பஞ்சகாலத்தில் இந்தப் பகுதியில் ஒதுங்கிய ஒரு திமிங்கிலத்துக்காக இரு தரப்பு மோதிக்கொண்ட நிகழ்ச்சி வருகிறது. ஆயுதம் போதாமல், வெட்டிய இறைச்சித் துண்டுகளாலும் எலும்புகளாலுமே ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்களாம். கடல் எதைக் கரையில் போடுகிறது என்பதுதான் அந்தக் குளிர்காலத்தில் யார் உயிரோடு இருப்பார் என்பதைத் தீர்மானித்தது என்றால், அந்தச் சண்டையின் கடுமை புரியும்.

மரத்துக்கு அடுத்தது சுறா. 19-ஆம் நூற்றாண்டில் க்யோகூர் பெரிய சுறாப்பிடித் தளமாக இருந்தது. நடுக்குளிர்காலத்தில் திறந்த படகுகளில் ஆழ்கடலுக்குப் போய், சங்கிலி கட்டிய பெரிய தூண்டிலைப் போட்டு நாட்கணக்கில் காத்திருப்பார்கள். கிரீன்லாந்துச் சுறாவின் ஈரலுக்காகத்தான் இத்தனையும். அந்த ஈரலை உருக்கிய எண்ணெய் ஐரோப்பிய நகரங்களின் விளக்குகளுக்குப் போனது. 1875-இல் ஓஃபெய்க்ஸ்ஃப்யோர்தூரில் ஒதுங்குமரத்தால் கட்டிய 'ஓஃபெய்கூர்' என்ற சுறாப் படகு இன்றும் பிழைத்திருக்கிறது. ஹ்ரூட்டாஃப்யோர்தூரில் ரேக்கிர் என்ற இடத்திலுள்ள வட்டார அருங்காட்சியகத்தில் முழுதாக வைத்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய் வந்ததும் சுறா எண்ணெய்க்கு மதிப்புப் போனது.

ஈடர் வாத்தின் மெல்லிறகு மூன்றாவது வருமானம். இந்தக் கடல்வாத்து முட்டையைக் கதகதப்பாக வைக்கத் தன் மார்பு இறகைப் பறித்துக் கூட்டில் நிரப்பும். பண்ணைக்காரர்கள் அதைக் கூட்டிலிருந்து அளவோடு எடுத்துச் சுத்தம் செய்து விற்பார்கள். ஒரு கிலோ இறகுக்கு அறுபது கூடுகளுக்கு மேல் வேண்டும். ஐஸ்லாந்தில் 1847 முதல் இந்தப் பறவையைக் கொல்லத் தடை இருக்கிறது. கூடு கட்டும் வாரங்களில் நரியும் மிங்க் என்ற சிறு ஊனுண்ணி விலங்கும் அண்டாமல் ஆள்போட்டுக் காவல் காப்பார்கள். காட்டுப் பறவைதான், ஆனால் மனிதர் நடமாட்டம் இருக்கும் இடத்தில்தான் பாதுகாப்பு என்று வீட்டருகே வந்து கூடு கட்டுகிறது. பண்ணையைக் கைவிட்டுப் போனால் காவலும் போகும்.

ஆனால் இந்த ஊராட்சியின் வரலாற்றில் மிகப் பெரிய நிகழ்வு ஹெர்ரிங் மீன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய நிலைமையின் விதை அங்கே இருக்கிறது.

ட்யூபாவிக்கில் 1917-இல் ஒருவர் ஹெர்ரிங் உப்பிடும் துறை தொடங்கினார். இரண்டே ஆண்டில் கடனில் மூழ்கினார். 1934-இல் புதிய நிறுவனம் வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவில், சாலையே இல்லாத ஒரு ஃபியோர்டின் உள்பகுதியில், தொண்ணூறு மீட்டர் நீளம், மூன்று மாடி உயரத்துக்குக் கான்கிரீட் தொழிற்சாலையை ஓராண்டு அளவிலேயே கட்டி முடித்தார்கள். சிமெண்டு, இரும்பு, இயந்திரம், ஆள் எல்லாம் கப்பலில் வந்தன. அந்தக் காலத்தில் ஐஸ்லாந்திலேயே மிகப் பெரிய கான்கிரீட் கட்டடங்களில் அது ஒன்று. தங்க இடமில்லாததால் 'சுதுர்லாண்ட்' என்ற பழைய பயணிகள் கப்பலைக் கரையோரம் இழுத்து நிறுத்தித் தொழிலாளர்களைக் குடியமர்த்தினார்கள். அதன் துருப்பிடித்த உடல் இன்றும் அங்கேயே கிடக்கிறது.

1935 கோடையில் ஆலை ஓடத் தொடங்கியது. படகுகளிலிருந்து ஹெர்ரிங் மேலேறும். வேகவைத்து, பிழிந்து, எண்ணெய் ஒரு பக்கம் தொட்டிகளுக்குப் போகும். எஞ்சிய சக்கையை உலர்த்தி அரைத்து மீன்தூளாக்குவார்கள். துறைமேடையில் பெண்கள் மீனைக் குடல் எடுத்து உப்பிட்டுப் பீப்பாய்களில் அடுக்குவார்கள். கோடைக்கு வேலை தேடி நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். சில ஆண்டுகள் அந்த இடம் பணத்தால் நிறைந்தது. 1940-களில் ஊராட்சியின் நிலையான மக்கள்தொகை ஐந்நூறைத் தாண்டியது.

1944-க்குப் பிறகு ஹெர்ரிங் கூட்டம் ஹூனாஃப்லோய் பக்கம் முன்போல் வரவில்லை. மீன் எங்கே மேயப் போகிறது என்பது கடல்நீரின் குளிரையும் நுண்ணுயிர் இரையையும் பொறுத்தது. முதலீடு போட்டவர் யார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இங்கோல்ஃப்ஸ்ஃப்யோர்தூரில் 1940-களில் எழுப்பிய இன்னொரு ஆலைக்கு நல்ல காலமே சரியாக அமையவில்லை. ட்யூபாவிக் ஆலை வேறு மீன்களை வைத்துச் சில ஆண்டு தாக்குப்பிடித்து 1954-இல் நின்றது. அதன் பின் ஊரே காலியானது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆலை மூடியதும் ஆர்னெஸ்ஹ்ரெப்பூர் அழிந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். வடக்கே இருந்த அண்டை ஊராட்சிகள் அப்படித்தான் அழிந்தன. ஹோர்ன்ஸ்ட்ராண்டிர் பகுதியின் ஸ்லியெட்டுஹ்ரெப்பூரில் கடைசிக் குடிகள் 1952-இல் வெளியேறினார்கள். க்ருன்னாவிக்கில் 1962-இல் எஞ்சிய குடும்பங்கள் ஒன்றாகக் கூடி முடிவெடுத்து ஒன்றாகவே புறப்பட்டன. அங்கே நிரந்தரமாக இன்று ஒருவரும் வாழ்வதில்லை. 1975 முதல் ஹோர்ன்ஸ்ட்ராண்டிர் இயற்கைக் காப்பகம். ஆர்னெஸ்ஹ்ரெப்பூர் மட்டும் ஏன் பிழைத்தது? என் கணிப்பில் இரண்டு காரணம். ஒன்று, ஆலைக்கு முன்பே இருந்த ஆட்டுப் பண்ணைகள் ஆலையை நம்பி இருக்கவில்லை. மற்றொன்று, 1960-களில் சாலை வந்து சேர்ந்தது. ஹோர்ன்ஸ்ட்ராண்டிருக்குச் சாலை வரவே இல்லை.

ஆடு என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். ஸ்ட்ராண்டிர் ஆட்டுக்கு நாட்டில் தனி மதிப்பு உண்டு. ஐஸ்லாந்தில் ஆடுகளை அழிக்கும் ஸ்கிரேப்பி என்ற மூளைநோய் வந்தால் அந்த மந்தை முழுவதையும் கொன்றுவிடுவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. பிறகு நோயில்லாத பகுதியிலிருந்து புதுக் குட்டிகளை வாங்கி மந்தை உண்டாக்குவார்கள். அப்படி வாங்கப் போகிற இடங்களில் ஸ்ட்ராண்டிர் முக்கியமானது. கொம்பில்லாத, சதைப்பற்றுள்ள இனம். கோடை முழுக்க மலையில் தானாக மேய்ந்து, செப்டம்பரில் ஊரே சேர்ந்து ஓட்டி வந்து, வட்டவடிவப் பட்டியில் அடைத்து, காது வெட்டு அடையாளம் பார்த்து உரியவரிடம் பிரித்துவிடுவார்கள். ட்ரேகில்லிஸ்விக்கின் மேலாரியெத் பட்டியில் நடக்கும் இந்த நாளுக்கு, வெளியூரில் குடியேறிய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் திரும்பி வருவார்கள். அன்பினால் மட்டும் அழைக்கவில்லை. ஐம்பது பேரில் வயதானவர்களைக் கழித்துவிட்டால் மலை ஏறி ஆடு ஓட்ட ஆள் போதாது.

கோடையில் கடலும் கொஞ்சம் கொடுக்கிறது. 2009 முதல் ஐஸ்லாந்தில் மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை, மீன்பிடி ஒதுக்கீடு வாங்காத சிறு படகுகளும் கைத்தூண்டில் பொறிகளால் காட் மீன் பிடிக்க அனுமதிக்கும் திட்டம் இருக்கிறது. ஒரு படகுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கட்டுப்பாடு உண்டு. அந்த மாதங்களில் நோர்துர்ஃப்யோர்தூர் துறை வெளியூர்ப் படகுகளால் நிரம்பும். ஹோர்ன்ஸ்ட்ராண்டிருக்கு நடைபயணம் போகிறவர்களும் இங்கிருந்து படகேறுவார்கள். ட்யூபாவிக்கில் ஹெர்ரிங் பெண்கள் தங்கியிருந்த கட்டடத்தை ஏவா சிகுர்ப்யோர்ன்ஸ்டோட்டிரும் அவர் கணவரும் 1985-இல் ஓட்டலாக மாற்றினார்கள். பாழடைந்த ஆலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதுபார்த்தும் வந்தார்கள். இப்போது கோடையில் அதற்குள் கலைக் கண்காட்சி நடக்கிறது. ஏவா பின்னாளில் ஊராட்சித் தலைவராகவும் இருந்தார்.

க்ரோஸ்னெஸ் நீச்சல் குளத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மலைச்சரிவில் ஊறும் வெந்நீரைக் குழாய் போட்டு இறக்கி, கூழாங்கல் கரையில் 1954-இல் கட்டினார்கள். குளத்தின் விளிம்பிலிருந்து சில அடி தாண்டினால் வடக்குக் கடல். அலை அடிக்கிற நாளில் துளி முகத்தில் படும். ஆவி பறக்கும் நீரில் கழுத்துவரை அமிழ்ந்திருக்கும்போது முன்னால் தெரிவதெல்லாம் கடல்தான். ஊர்ப் பிள்ளைகள் நீச்சல் கற்பதற்காகக் கட்டிய குளம் இது. ஹெர்ரிங் ஆலை மூடிய அதே ஆண்டில் கட்டினார்கள் என்பதை நினைத்தால், அவர்களுக்கு ஊரை விட்டுப் போகும் எண்ணம் இல்லை என்பது புரிகிறது.

இப்போது ஆட்சி முறைக்கு வருவோம். ஹ்ரெப்பூர் என்பது ஐஸ்லாந்தின் மிகப் பழைய கிராமப்புற அமைப்பு. அரசன் இல்லாத இடைக்காலக் குடியரசின் சட்டத்திலேயே இருக்கிறது: குறைந்தது இருபது வசதியுள்ள பண்ணைக்காரர்கள் சேர்ந்து ஒரு ஹ்ரெப்பூர், அவர்களில் ஐந்து பேர் நிர்வாகம். வேலை என்னவென்றால் ஏழைகளைக் காப்பது, இழப்பைப் பகிர்ந்துகொள்வது. ஒருவனுடைய கால்நடையில் கால்பங்குக்கு மேல் நோயில் செத்தால், நஷ்டத்தில் பாதிவரை மற்றவர்கள் ஈடு செய்ய வேண்டும். வீட்டின் சில பகுதிகள் தீயில் எரிந்தாலும் அப்படியே. இன்றைக்கு நாம் காப்பீடு என்று சொல்வதை அண்டைவீட்டார் கடமையாக எழுதி வைத்திருந்தார்கள். 2008-இல் ட்ரேகில்லிஸ்விக்கின் பின்போகஸ்தாதிர் பண்ணைவீடு எரிந்து சாம்பலானபோது, அந்தப் பழைய சட்டம் என்றோ செல்லாமல் போயிருந்தது. ஆனாலும் ஊரும் நாட்டு மக்களும் பணம் திரட்டினார்கள், புதுவீடு எழுந்தது.

இன்றும் ஊராட்சி மன்றத்தில் ஐந்து பேர். இவ்வளவு சிறிய ஊரில் தேர்தல் எப்படி என்றால், வேட்பாளர் பட்டியலே கிடையாது. வாக்குரிமை உள்ள எல்லோரும் வேட்பாளர்கள். முன்பு பணியாற்றியவர்கள் விரும்பினால் முன்கூட்டியே அறிவித்து விலகிக்கொள்ளலாம். வாக்குச்சீட்டில் பெயர்களை வாக்காளரே தம் கையால் எழுத வேண்டும். காலையில் ஒருவருக்கு எதிராக வாக்களித்துவிட்டு மாலையில் அவரிடமே டிராக்டர் கேட்க வேண்டிய ஊர் இது.

கருத்து வேற்றுமையே இல்லாத சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 1654-இல் ட்ரேகில்லிஸ்விக்கில், தேவாலயத்தில் பெண்களுக்கு வலிப்பு வந்ததற்குச் சூனியமே காரணம் என்று சொல்லி மூன்று ஆண்களைக் கிஸ்டா என்ற பாறையிடுக்கில் எரித்தார்கள். ஐஸ்லாந்தின் சூனிய வேட்டை முழுவேகம் பிடித்தது அதிலிருந்துதான். அந்த நாட்டில் எரிக்கப்பட்டவர்களில் ஒருவர் தவிர அனைவரும் ஆண்கள். நம் காலத்துக்கு வந்தால், பழைய தேவாலயத்தைப் பழுதுபார்ப்பதா, புதியது கட்டுவதா என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. 1991-இல் புதியது எழுந்தது, பழையதையும் சீர்செய்துவிட்டார்கள். சாலையின் இரு பக்கமும் இரண்டு தேவாலயங்கள் நிற்கின்றன.

இதைவிடக் கடுமையான பிளவு ஹ்வாலா நீர்மின் திட்டத்தால் வந்தது. ஓஃபெய்க்ஸ்ஃப்யோர்தூருக்கு மேலே உள்ள பீடபூமியில் மூன்று ஆறுகளின் நீரைத் தேக்கி 55 மெகாவாட் மின்நிலையம் அமைக்கும் திட்டம். வெஸ்டுர்வெர்க் என்ற நிறுவனம் முன்வைத்தது. பெரும்பான்மைப் பங்கு ஹெச்எஸ் ஓர்கா நிறுவனத்திடம். ஆதரித்தவர்கள் சாலையும் வேலையும் நல்ல மின்கம்பியும் வரும் என்றார்கள். எதிர்த்தவர்கள், அருவிகள் வற்றும், மனிதர் கை படாத நிலம் கெடும், கட்டுமானம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும் என்றார்கள். 2018 ஊராட்சித் தேர்தல் நெருங்கியபோது, திடீரென்று பத்துப்பேருக்கு மேல் தங்கள் சட்டப்பூர்வ முகவரியை ஆர்னெஸ்ஹ்ரெப்பூருக்கு மாற்றினார்கள். வாக்காளர் எண்ணிக்கையே ஐம்பதுக்குள் இருந்த இடத்தில் அது முடிவையே மாற்றக்கூடிய எண்ணிக்கை. தேசியப் பதிவகம் விசாரித்து அந்த மாற்றங்களில் பெரும்பாலானவற்றை ரத்து செய்தது. தேர்தலில் திட்டத்தை ஆதரித்தவர்களே பெரும்பான்மை பெற்றார்கள். அணை இன்னும் எழவில்லை. நில எல்லை வழக்கு, அனுமதி, மின்கம்பிப் பாதை என்று பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டே போனது.

இந்தச் சண்டையில் நான் இரு தரப்பையும் மதிக்கிறேன். ஆனால் ஆதரித்தவர்களை வெளியூர்க்காரர்கள் பேராசைக்காரர்கள் என்று எழுதியபோது எனக்குக் கோபம் வந்தது. குளிர்காலத்தில் அந்த ஊரில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அதை எழுதக்கூடாது.

சாலைத் துறையின் விதிப்படி, நெடுங்காலம் ஜனவரித் தொடக்கத்திலிருந்து மார்ச் பிற்பகுதிவரை இந்தச் சாலையில் பனி அகற்றப்படாமலே இருந்தது. வேண்டுமென்றால் ஊராட்சி பாதிச் செலவை ஏற்க வேண்டும் என்பது போன்ற ஏற்பாடுகள்தான் இருந்தன. சாலை அடைபட்டால் வெளியுலகத்துக்குள்ள வழி க்யோகூரின் சிறு விமான ஓடுதளம். வாரம் இரண்டு முறை ரேக்யாவிக்கிலிருந்து சிறிய விமானம் வரும். கடிதமும் காய்கறியும் மருந்தும் அதில்தான். காற்று அடித்தால் அதுவும் வராது. பிள்ளை உள்ள இளம் குடும்பம் ஒன்று அங்கே குடியேற நினைத்தால் முதலில் கேட்கும் கேள்வி, "நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் எப்படிப் போவது?" என்பதுதான். மருத்துவர் ஹோல்மாவிக்கில் இருக்கிறார்.

2010-களின் கடைசியில் அடி மேல் அடியாக விழுந்தது. ஓரிரு குடும்பம் வெளியேறியதால் பின்போகஸ்தாதிர் பள்ளியில் மாணவர் இல்லாமல் போனார்கள், பள்ளி நின்றது. 2018 இலையுதிர் காலத்தில், கூட்டுறவுச் சங்கம் நடத்தி வந்த நோர்துர்ஃப்யோர்தூர் கடையும் மூடியது. கடை இல்லாத ஊரில் ஒரு பாக்கெட் மாவுக்கு நூறு கிலோமீட்டர் போக வேண்டும். குளிர்காலத்தில் அதற்கும் வழியில்லை. ஊர்க்காரர்களும் ஊரை நேசிக்கும் வெளியூர்க்காரர்களும் பங்கு போட்டுத் தாங்களே ஒரு வணிக நிறுவனம் அமைத்து 2019 கோடையில் கடையைத் திரும்பத் திறந்தார்கள். அரசின் வட்டார வளர்ச்சி நிறுவனம் நலிந்த ஊர்களுக்காக நடத்தும் திட்டத்தில் ஆர்னெஸ்ஹ்ரெப்பூரும் சில ஆண்டுகள் இருந்தது. சிறு தொழில்களுக்குக் கொஞ்சம் மானியம் கிடைத்தது. உதவிதான். ஆனால் பனி அகற்றும் வண்டிக்கு அது ஈடாகாது.

பக்கத்து ஊரோடு ஏன் சேர்க்கவில்லை என்ற கடைசிக் கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடியும். 1990-இல் ஐஸ்லாந்தில் இருநூறுக்கு மேல் ஊராட்சிகள் இருந்தன; இன்று அறுபதைச் சற்றே தாண்டும். பெரும்பாலானவை மக்கள் வாக்களித்து இணைந்தவை. ஆயிரம் பேருக்குக் குறைந்தவற்றைக் கட்டாயமாக இணைக்கலாம் என்று அரசு ஒரு கட்டத்தில் முன்மொழிந்தது. சிறிய ஊராட்சிகள் கடுமையாக எதிர்த்தன. 2021-இல் வந்த சட்டம் கட்டாயத்தை விட்டுவிட்டு, ஆயிரம் என்பதைக் குறிக்கோளாக வைத்தது: அதற்குக் குறைந்தவை இணைப்புப் பேச்சு தொடங்க வேண்டும், இல்லையென்றால் தங்கள் கடமைகளைச் செய்யத் திறன் உண்டா என்று ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும்.

இணைப்பை ஆதரிப்பவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. ஐம்பது பேர் வரிப்பணத்தில் முதியோர் பராமரிப்பு, சமூகநலம், தீயணைப்பு, கட்டட அனுமதி எல்லாவற்றையும் தனியாக நடத்த முடியாது. பலவற்றை ஏற்கெனவே ஹோல்மாவிக்கோடும் மற்ற ஊராட்சிகளோடும் சேர்ந்துதான் நடத்துகிறார்கள். வருமானத்தில் பெரும்பங்கு, வருவாய் குறைந்த ஊராட்சிகளுக்குப் பங்கிடும் மத்தியச் சமன்செய் நிதியிலிருந்து வருகிறது. அப்படியானால் தனி மன்றம் எதற்கு?

என் பதில்: ஊருக்கு வேண்டியதைக் கேட்பதற்காக. தெற்கே சாலைவழி அண்டை ஊராட்சியில் ட்ராங்க்ஸ்னெஸ் கிராமம் இருக்கிறது; அதற்கு அடுத்த ஊராட்சியில் ஹோல்மாவிக். இணைந்த பெரிய ஊராட்சியின் மன்றத்தில் வாக்கு எண்ணிக்கையால் பார்த்தால் வடக்கு முனைக்கு ஓர் இடம் கிடைத்தாலே அதிகம். சாலைத் துறை அமைச்சரிடமும் நாடாளுமன்றக் குழுவிடமும் இன்று போய் உட்காருகிற தலைவர், ஐம்பது பேருக்காக மட்டும் பேசுகிறவர். நாளை அந்தச் சாலை நீண்ட பட்டியலில் ஒரு வரியாகிவிடும். ஸ்லியெட்டுஹ்ரெப்பூர் ஆள் இல்லாமல் கலைந்தது. ஆர்னெஸ்ஹ்ரெப்பூர் ஆட்கள் இருக்கும்போதே கலைந்தால், அதன் பிறகு ஆட்கள் நிலைப்பார்களா என்பது சந்தேகம். இணைப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாலை முதலில், இணைப்பு பிறகு என்பதுதான் என் நிலைப்பாடு. சாலை இருந்தால் இணைப்பில் பெரிய இழப்பில்லை, ஏனென்றால் பள்ளிக்கும் மருத்துவருக்கும் அன்றாடம் போய்வர முடியும். சாலை இல்லாமல் இணைத்தால் காகிதத்தில்தான் இணைப்பு.

அந்தச் சாலையில் இடர் தரும் இடம் வெய்திலெய்சுஹால்ஸ் என்ற கணவாய். ட்யூபாவிக்குக்குத் தெற்கே இருக்கிறது. பனி முதலில் அடைப்பதும் கடைசியில் உருகுவதும் அங்கேதான். அதைச் சீரமைக்கும் வேலை தேசியப் போக்குவரத்துத் திட்டத்தில் பல முறை இடம்பெற்று, பல முறை அடுத்த காலகட்டத்துக்குத் தள்ளிப்போடப்பட்டது. ஆர்னெஸ்ஹ்ரெப்பூர் இன்னும் இருபது ஆண்டில் இருக்குமா என்று தெரிந்துகொள்ள விரும்பினால், மக்கள்தொகைப் பட்டியலைவிட அந்தத் திட்டத்தில் இந்தக் கணவாய்க்கு எந்த ஆண்டில் பணம் ஒதுக்குகிறார்கள் என்று பாருங்கள். ஒதுக்கிய பணத்தை அதே ஆண்டில் செலவழித்தார்களா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.